கணக்குக்கு வெளியே போன ஓவன்

அம்பத்தூர் தொழிற்பேட்டை
12 ஜூன் 2024

அன்புத் தம்பி ஷவுகத் அலிக்கு,

அண்ணன் முஸ்தகீமின் சலாம். இறைவன் கருணையால் இங்கே எல்லோரும் நலம். மதுரை வெயில் உன்னை எப்படி வைத்திருக்கிறது? ரேஷ்மாவின் முதுகுவலி தேவலையா? பெருநாளுக்கு வருவாய் என்று தங்கை ஃபக்ருன்னிசா எதிர்பார்க்கிறாள். போன வெள்ளிக்கிழமையும் உன்னிடம் ஒரு மணி நேரம் போனில் பேசினாளாமே. எனக்குத்தான் உன்னோடு பேச வாய்ப்பதில்லை. தொழில் விஷயம் என்றால் "எழுதி அனுப்புங்கள் அண்ணே" என்பாய். ஆகவே எழுதுகிறேன்.

நாம் பவுடர் பூசிக் கொடுக்கிற அலமாரித் தாங்கிகளை வாங்கும் ஜெர்மனிக்காரர்கள் புதிதாக ஒன்று கேட்கிறார்கள். நம் கம்பெனி வருடத்துக்கு எத்தனை டன் கரியமில வாயு விடுகிறது என்று கணக்குக் காட்ட வேண்டுமாம். வரும் மார்ச்சுக்குள் அதில் முப்பது சதவீதம் குறைத்துக் காட்ட வேண்டுமாம். இல்லாவிட்டால் ஆர்டர் கிடையாது. நம் வேலையில் முக்கால்வாசி அவர்களுடையது. அது போனால் நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானும் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

பெரிய ஓவனில் நிற்கும் நம் நாகப்பனிடம் சொன்னேன். "இன்னா மொதலாளி, பொகையைப் புடிச்சி தராசுல வெச்சா நிறுப்பாங்க?" என்று சிரிக்கிறான். எனக்கும் அதே சந்தேகம்தான், ஆனால் சிரிப்பு வரவில்லை. அவர்கள் அனுப்பிய இருபது பக்க ஒப்பந்தத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். எதற்குக் கட்டுப்படுகிறோம், எதற்கு இல்லை என்று படித்துச் சொல்.

இப்படிக்கு உன் நலம் கோரும்,
முஸ்தகீம்


மதுரை
24 ஜூன் 2024

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

தங்கள் மீதும் குடும்பத்தார் மீதும் அமைதி நிலவுவதாக. ரேஷ்மாவுக்கு வலி குறைந்திருக்கிறது. பெருநாளுக்கு வர இயலாததற்கு அக்காவிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவர்கள் மன்னித்ததாகத் தெரியவில்லை. பிரியாணியைப் பற்றியே முக்கால் மணி நேரம் பேசினார்கள்.

ஒப்பந்தத்தை இருமுறை படித்தேன். புகையை யாரும் நிறுக்கப்போவதில்லை என்று நாகப்பனிடம் சொல்லுங்கள். எரிக்கப்பட்ட எரிபொருளின் அளவிலிருந்து உமிழ்வைக் கணக்கிடுகிறார்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ இரண்டே முக்கால் கிலோ வாயு என்பது நிலையான விகிதம். எனவே ஓராண்டின் டீசல் பில்கள், மின் கட்டண அட்டை, ஜெனரேட்டர், வேன் ஆகியவற்றின் விவரங்களைத் திரட்டினால் அளவீடு முடிந்துவிடும். கம்பெனி தானே எரிப்பது முதல் வட்டம். விலைக்கு வாங்கும் மின்சாரம் இரண்டாம் வட்டம். வெளியாரிடம் செய்வித்துக்கொள்ளும் வேலை, சரக்குப் போக்குவரத்து முதலியன மூன்றாம் வட்டம். இந்த ஒப்பந்தம் முதல் இரண்டு வட்டங்களை மட்டுமே கட்டாயமாகக் கோருகிறது.

குறைப்பதற்கு எளிய வழிகள் சில உள்ளன என்று படித்தறிந்தேன். ஓவனின் சுவர்களுக்கு வெப்பக்காப்பு, கதவு இடுக்குகளை அடைத்தல், காற்றுக் குழாய்களில் கசிவை நிறுத்துதல், கூரையில் சூரியத் தகடு. இவற்றில் தேர்ந்த ஒருவரை அமர்த்திக்கொள்வது நல்லது. நான் சட்டம் அறிந்தவன். அடுப்பு அறிந்தவன் அல்லன்.

தங்கள் உடல்நலம் பேணுக.
ஷவுகத் அலி


அம்பத்தூர்
5 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பிக்கு,

சலாம். உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, மற்றபடி குறையில்லை.

நீ சொன்னபடி ஆவடியிலிருந்து சந்தோஷ் என்று ஒரு பையனைப் பிடித்தேன். இந்தக் கணக்கு ஒன்றையே பிழைப்பாக வைத்திருக்கிறான். வருடத்துக்கு நூற்றியிருபது டன் என்று போட்டான். அதில் எழுபது டன் பெரிய ஓவன் ஒன்றே. தாங்கிகளை இருநூறு டிகிரியில் வேகவைத்தால்தான் பவுடர் உருகி ஒட்டும், அதற்கு நாள் முழுக்க டீசல் குடிக்கிறது. கதவு இடுக்குக்குப் புதுக் கயிறு அடைத்தோம். சுவருக்கு வெப்பம் காக்கும் கம்பளம் சுற்றினோம். காற்றுக் குழாயில் சோப்புத் தண்ணீர் தடவி ஓட்டை ஓட்டையாக நாகப்பன் கண்டுபிடித்தான். விளக்கெல்லாம் மாற்றினோம். இத்தனைக்கும் குறைந்தது பன்னிரண்டு டன். கேட்பது முப்பத்தாறு. எரிவாயுவில் ஓடும் புது ஓவனுக்கு பேங்க் மானேஜரைப் பார்த்தேன். டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.

நேற்று சந்தோஷ் ஒரு யோசனை சொன்னான். "சார், ஓவன் உங்க ஷெட்ல இருந்தாத்தான் சார் உங்க கணக்கு. வேற ஒருத்தர் வெச்சிருந்து, அவர்கிட்ட நீங்க வேகவெச்சு வாங்கிக்கினா அது மூணாவது வட்டம். இந்த வருஷம் அதைக் கேக்கவே இல்ல சார்."

"ஏம்ப்பா, அதே ஓவன், அதே டீசல்தானே?" என்றேன்.

"இடம் வேற சார், பேர் வேற சார்."

ஓவனை ஏற்று நடத்த வெளியில் ஓர் ஆள் கிடைத்திருக்கிறது. நம்பகமான ஆள். இதற்குச் சட்டம் இடம் தருமா என்று ஒரு கருத்துரையும், பத்திரத்துக்கு ஒரு மாதிரியும் எழுதி அனுப்பு. ஜெர்மனிக்காரர்களுக்கு உன் கருத்துரையைக் காட்ட வேண்டியிருக்கும், ஆகவே கையெழுத்தோடு வேண்டும்.

பதிலை எதிர்பார்க்கும்,
முஸ்தகீம்


மதுரை
19 ஆகஸ்ட் 2024

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

அமைதி உண்டாகுக. சர்க்கரையை அலட்சியம் செய்யாதீர்கள். மாத்திரையைவிட நடை முக்கியம் என்று ரேஷ்மா சொல்லச் சொன்னாள்.

கேட்டவற்றை இணைத்துள்ளேன். கருத்துரையின் சாரம் இது: உமிழ்வு எவர் கணக்கில் சேரும் என்பதை, அந்தச் செயல்பாட்டின் மீது எவருக்குக் கட்டுப்பாடு உள்ளது என்பதே தீர்மானிக்கிறது. எனவே ஓவன் வேறொருவர் இடத்தில், வேறொருவர் பெயரில், வேறொருவர் ஆணைப்படி இயங்க வேண்டும். பெயரளவுக்கு அல்ல, உண்மையாகவே. அதனால் பத்திரத்தின் ஆறாம் பிரிவில், ஓவனை ஏற்றவும் அணைக்கவும் இரண்டாம் தரப்புக்கே முழு அதிகாரம், முதல் தரப்பான தங்களுக்கு அதில் எந்த உரிமையும் இல்லை என்று எழுதியுள்ளேன். அதன் தொடர்ச்சியாக, அரசு இசைவுகள், அண்டை அயலாரின் புகார்கள், உடல்நலக் கேடுகள் யாவற்றுக்கும் இரண்டாம் தரப்பே பொறுப்பு என்பது ஏழாம் பிரிவு. அதிகாரம் ஒரு பக்கமும் பொறுப்பு மறுபக்கமும் இருந்தால் ஜெர்மனிக்காரர்களின் தணிக்கையாளர் ஏற்கமாட்டார்.

இரண்டாம் தரப்பின் பெயர், முகவரிக்கு இடம் விட்டிருக்கிறேன். அவர் யாரென்று அறிந்துகொண்டு கருத்துரைப்பது முறையாகாது என்பதால் கேட்கவில்லை. தாங்களே நிரப்பிக்கொள்ளலாம்.

ஒன்றைப் பதிவு செய்வது என் கடமை. இந்த ஏற்பாட்டால் கணக்கு குறையும், புகை குறையாது. அதன் நியாயத்தைத் தாங்கள் கேட்கவில்லை. ஆகவே நானும் கருத்துரையில் எழுதவில்லை.

நலமே விழையும்,
ஷவுகத் அலி


வேப்பம்பட்டு
3 நவம்பர் 2024

என் அன்புத் தம்பிக்கு அக்கா ஃபக்ருன்னிசா எழுதுவது.

அல்லாஹ் உங்கள் எல்லோரையும் நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும். என்னடா இது, அக்கா கடிதாசி எழுதுகிறாள் என்று பார்க்கிறாயா? போன் மைக் கெட்டுவிட்டது. பேசினால் அந்தப் பக்கம் சரியாகக் கேட்பதில்லை. புதுசு வாங்கலாம் என்று ஜோயா சொல்கிறாள், நான்தான் வேண்டாம் என்றேன். எழுதுவதும் நன்றாகத்தான் இருக்கிறது. நிறுத்தி நிறுத்தி எழுதலாம்.

ஜோயாவுக்கு ஆவடி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. உன் மச்சான் இருந்திருந்தால் மகளுக்காகத் தெரு முழுக்கப் பால்கோவா கொடுத்திருப்பார்.

பின்கட்டில் ஓவனுக்கு ஷெட் போட்டு ரெண்டு மாதம் ஆகிறது. உனக்குத் தெரியாததா, நீ எழுதிக் கொடுத்த பத்திரம்தானே. அண்ணன் கொண்டுவந்தபோது, நான் படிக்கக் கண்ணாடியைத் தேடினேன். "தம்பி எழுதினதும்மா, அவன் உனக்குக் கெடுதல் எழுதுவானா?" என்றார். அதுவும் சரிதானே என்று பத்திரத்திலும், என் பேரில் கம்பெனி பதிகிற தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாகப்பனும் இங்கேயே பக்கத்துத் தெருவுக்குக் குடிவந்துவிட்டான். அவன் பெண்டாட்டி கெங்கம்மாள் நல்ல மாதிரி. டீசல் விலை கட்டுப்படியாகவில்லை என்று இப்போது வண்டிகளில் வடித்த பழைய ஆயிலை ஊற்றுகிறார்கள். ஓவன் ஏற்றினால் நாகப்பனே வந்து, "யம்மா, ஜன்னல சாத்திக்கோ, இன்னிக்கு காத்து உன் ஊட்டுப் பக்கம் கீது" என்று சொல்லிவிட்டுப் போவான். சாத்தியே வைத்திருக்கிறேன். மழைக்காலம்தானே, கொசுவும் வராது.

துணியை இப்போது உள்ளேயே உலர்த்துகிறேன். பக்கத்து வீட்டு வேம்புலியம்மாள் மட்டும் சண்டைக்கு நிற்கிறாள். "பேரன் இருமுறான், உன் ஓவன எடுத்துக்கினு வேற எங்கனா போ" என்கிறாள். என் ஓவனாம்! சிரித்துவிட்டு வந்தேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். இது எப்போது போகும்? மார்ச்சோடு முடியுமா? உனக்குத்தான் தெரியும். எழுது.

ரேஷ்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் முத்தம்.
உன் அக்கா


மதுரை
20 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

தாங்கள் நலமென நம்புகிறேன்.

ஆகஸ்ட் மாதம் நான் அனுப்பிய மாதிரிப் பத்திரத்தில் இரண்டாம் தரப்பாகக் கையெழுத்திட்டவர் யார் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கக் கோருகிறேன். ஓவன் நிறுவப்பட்ட இடத்தில் குடியிருப்பு உள்ளதா, உரிய இசைவு பெறப்பட்டதா, தற்போது எரிக்கப்படுவது எந்த எரிபொருள் என்பவற்றையும் தெரிவிக்கவும். தங்கள் பதில் கிடைக்கும்வரை வேறு எவருக்கும் இது குறித்து எதுவும் எழுதுவது முறையாகாது என்று கருதுகிறேன்.

ஷவுகத் அலி


அம்பத்தூர்
15 டிசம்பர் 2024

தம்பிக்கு,

சலாம். நலம், நலமறிய ஆவல். வெள்ளத்தில் பேட்டைக்குள் முழங்கால் தண்ணீர், அதனால்தான் பதில் தாமதம்.

முதலில் நல்ல சேதி. ஜெர்மனியிலிருந்து ஓர் அம்மாள் நேரில் வந்து பார்த்தார். நூற்றியிருபது டன் இருந்த இடத்தில் இப்போது முப்பத்தெட்டு. அசந்துவிட்டார். உன் கருத்துரையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்து, "மிகத் தெளிவு" என்று சொன்னார். மிச்சத்துக்கும் ஈடு கட்டினால் நம்மை விளம்பரத்தில் போடுவார்களாம். அதற்கும் சந்தோஷ் வழி செய்தான். வடக்கே எங்கோ காடு வளர்க்கிறார்கள், அதில் நம் பங்குக்கு ஒரு சான்றிதழ். கூடவே பேட்டைச் சாலையில் நூறு கன்று நட்டோம். ஷாமியானா, மைக், கேசரி எல்லாம் உண்டு. ஒவ்வொரு கன்றையும் வளர்ந்த மரமாகவே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமாம். அடுத்த வாரமே பாதியை ஆடு தின்றுவிட்டது. சந்தோஷ் சொல்கிறான், "போட்டோ எடுத்தாச்சு சார்."

நீ கேட்டதற்கு வருகிறேன். பதில் தெரிந்துகொண்டே கேட்கிறாய் என்று உன் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பெயருக்கு இடம் விட்டது நீ. யாரென்று கேட்கவில்லை என்று பெருமையாக எழுதியதும் நீ. அந்நியன் ஒருவனை ஏழாம் பிரிவில் கையெழுத்துப் போட வைக்க முடியுமா? எவன் போடுவான்? வீட்டு ஆள்தான் போடும். இடம் சும்மா கிடந்தது, அவளுக்கும் மாதம் ஏதோ வருகிறது. இசைவுக்கு விண்ணப்பம் போட வேண்டும், போடலாம். மார்ச்சில் புது ஆர்டர் கையெழுத்தாகட்டும்.

அவளிடம் ஏதாவது எழுதிக் குழப்பிவிடாதே. நாற்பது குடும்பம்.

முஸ்தகீம்


வேப்பம்பட்டு
6 ஜனவரி 2025

தம்பி ஷவுகத்,

நலமாக இருப்பாய். என் நவம்பர் கடிதம் கிடைத்ததா? ரெண்டு மாதமாகத் தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறேன். நீ போன் செய்தாய் என்று ஜோயா சொன்னாள். தூங்குகிறேன் என்று அவளைச் சொல்ல வைத்தது நான்தான். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு வாங்குகிறது, அதை நீ கேட்க வேண்டாம் என்று இருந்தேன். மைக் நன்றாகத்தான் இருக்கிறது.

போன மாதம் ஆவடியில் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனாள். "வீட்ல யாராவது பீடி சிகரெட் பிடிப்பாங்களா?" என்று கேட்டார். ஜோயா அழுதுவிட்டாள். இப்போது மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டால்தான் தூக்கம். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பழையபடி ஆகாது, இதற்கு மேல் கெடாமல் பார்க்கலாம் என்றார்.

இப்போது ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து. வேம்புலியம்மாள் கொடுத்த புகாராம். "திருமதி ஃபக்ருன்னிசா, உரிமையாளர்" என்று போட்டிருக்கிறது. அண்ணனிடம் காட்டினேன். "பயப்படாதே, மார்ச் வரை இழுத்துடலாம்" என்றார். ஜோயா அவரைக் கேட்டுவிட்டாள், "பெரிய மாமா, உங்க ஓவனுக்கு எங்கம்மா பேர்ல ஏன் நோட்டீஸ்?" அதற்கு அவர், "சின்ன மாமாவைக் கேளு, அவருதான் எழுதினாரு" என்றார்.

கேட்கிறேன். ஓவன் யாருடையது? நீ வக்கீல். நல்லது கெட்டது வேண்டாம், சட்டத்தில் இருக்கிறதை மட்டும் சொல்.

அக்கா


மதுரை
18 ஜனவரி 2025

என் அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய அக்காவுக்கு,

தங்கள் மூச்சை இறைவன் எளிதாக்குவானாக.

தங்கள் நவம்பர் கடிதம் உரிய நாளில் கிடைத்தது. அதற்குப் பதில் எழுதுமுன் அண்ணனிடம் விவரம் பெறுவது முறை எனக் கருதினேன். அவ்வாறு கருதியதன் விளைவைத் தங்கள் கடிதத்தில் படித்தேன்.

கேட்டதற்குப் பதில். சட்டத்தின் பார்வையில் அந்த ஓவன் தங்களுடையது. அது நிற்பது தங்கள் நிலத்தில். இயங்குவது தங்கள் பெயரில் பதிவான நிறுவனத்தின் கீழ். பத்திரத்தின் ஏழாம் பிரிவுப்படி, அதிலிருந்து எழும் புகைக்கும் புகாருக்கும் தாங்களே பொறுப்பு. தங்கள் உடலுக்கு நேர்ந்த கேட்டுக்கும் அவ்வாறே. அண்ணனின் கம்பெனி மீது தாங்கள் வழக்குத் தொடுத்தால், இந்தப் பத்திரத்தையே அவர்கள் எதிர்வாதமாக வைப்பார்கள். அது வலுவான பத்திரம். அதில் ஓட்டை இருக்கிறதா என்று மூன்று நாட்களாகத் தேடுகிறேன்.

படித்துக் காட்டாமல் கையெழுத்துப் பெற்றார்கள் என்று வாதிடலாம். அதற்கு அண்ணனைக் கூண்டில் ஏற்ற வேண்டும், என்னையும் ஏற்ற வேண்டும். நான் வரத் தயார். கருத்துரையைத் திரும்பப் பெறுவது குறித்தும் யோசித்து வருகிறேன். அது நாற்பது பேரின் வேலையைப் பாதிக்கும் என்பதால் உடனடியாக முடிவெடுக்க இயலவில்லை.

நோட்டீசுக்குப் பிப்ரவரி இருபதுக்குள் பதிலளிக்க வேண்டும். கால அவகாசம் கோரும் மனுவை இணைத்துள்ளேன். கையெழுத்திட்டு அனுப்பினால் போதும். ஆறாம், ஏழாம் பிரிவுகளைத் தாங்கள் ஒருமுறை படிப்பது நல்லது. பத்திரத்தின் நகலும் உடன் உள்ளது.

தங்கள் சகோதரன்,
ஷவுகத் அலி


அம்பத்தூர்
20 பிப்ரவரி 2025

ஷவுகத் அலிக்கு,

இந்த முறை நலம் விசாரிக்கவில்லை. உனக்கு ஒரு குறையும் இருக்காது.

ஃபக்ருன்னிசா ஓவனை அணைத்துப் பூட்டிவிட்டாள். திங்கட்கிழமை காலை லாரியில் தாங்கிகள் போய் நிற்கின்றன. கதவில் பூட்டு. நான் ஓடிப்போய் நின்றால் உன் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். "ஆறாவதைப் படிங்க அண்ணே. ஏத்தறதும் அணைக்கறதும் என் இஷ்டம், உங்களுக்கு உரிமை இல்லன்னு போட்டிருக்கு" என்கிறாள். பாதியில் இருமல். "உள்ளே போய்ப் படும்மா, அப்புறம் பேசலாம்" என்றேன். "உள்ள படுக்க முடிஞ்சா இங்க ஏன் உக்காருறேன்?" என்றாள். மறுநாள் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்து ஆளை அவளே வரவழைத்துச் சாவியைக் கொடுத்துவிட்டாள்.

ஓவனைத் திரும்பக் கொண்டுவந்தால் கணக்கு ஏறிவிடும். கொண்டுவராவிட்டால் சரக்கு போகாது. ஜெர்மனி அம்மாளிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். "அந்தத் தனி நிறுவனத்தின் மீது உங்களுக்குக் கட்டுப்பாடு இல்லையே, அவர்கள் மூடியதை ஏன் எங்களிடம் சொல்கிறீர்கள்?" என்று பதில் வந்தது. ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விட்டது. அவனிடம் எரிவாயு ஓவன் இருக்கிறதாம். முப்பத்தொரு பேருக்குக் கணக்கு முடித்துவிட்டேன். நாகப்பன் கையெழுத்துப் போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஓவன் அவளுடையது என்று நீதான் எழுதினாயாமே. எனக்கு ஒரு பத்திரம், அவளுக்கு ஒரு விளக்கம். இரண்டும் சரியாகத்தான் இருக்கும், உன் எழுத்தாச்சே. உன் கருத்துரையைச் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டலாம் என்று இருக்கிறேன். ஆபீஸ்தான் இருக்காது.

முஸ்தகீம்


வேப்பம்பட்டு
9 மார்ச் 2025

ஷவுகத்துக்கு,

நோன்பு பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மற்றபடி இருக்கிறேன். உன் வீட்டில் எல்லோரும் நோன்பு நோற்கிறீர்களா? ரேஷ்மாவை அதிகம் நிற்க விடாதே.

அண்ணன் எழுதியிருப்பார். எல்லாம் அவர் சொன்னபடிதான் நடந்தது. ஆனால் பூட்டியது அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ள அல்ல. நீ அனுப்பிய மனுவில் கையெழுத்துப் போடத்தான் பேனாவை எடுத்தேன். அவகாசம் கேட்டு எழுதியிருந்தாய். யாருக்கு அவகாசம் என்று யோசித்தேன். உள்ளறையில் ஜோயா முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பேனாவை மூடிவிட்டேன்.

நாகப்பனைக் கூப்பிட்டு அணைக்கச் சொன்னேன். "இன்னா யம்மா வெளையாடுறியா? மொதலாளி கைல கேட்டியா?" என்றான். மொதலாளி நான்தானாம்ப்பா, தம்பி எழுதியிருக்கு என்றேன். "அணைன்னா அணைச்சுடுவேன். நாளைக்கு நான் எங்க போய் நிக்கிறது, அதையும் நீயே சொல்லிடு" என்றான். அணைத்துவிட்டுப் போனான். கெங்கம்மாள் இப்போது என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் நடக்கிறாள். வேம்புலியம்மாள் பாயசம் கொண்டுவந்தாள். எனக்கு அதை வாங்கவும் பிடிக்கவில்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை.

பெருநாளுக்கு வருவதாக ஜோயாவிடம் சொன்னாயாம். வேண்டாம். அண்ணனும் வரமாட்டார். கருத்துரையைத் திரும்பப் பெறுவது பற்றி யோசித்துக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாய். இனி யோசிக்கத் தேவையில்லை, அதைக் காட்ட ஆள் இல்லை. உன்மேல் கோபமா என்று கேட்டு எழுதாதே. இருக்கிறது.

அந்த அலுவலகத்து ஆள் சின்ன வயசுக்காரர். மரியாதையாகத்தான் பேசினார். ஷெட்டைச் சுற்றி வந்தார். ஓவனைத் திறந்து பார்த்தார். பிறகு என் எதிரில் உட்கார்ந்து, "அம்மா, இது ஒரு நாளைக்கு எவ்வளவு ஆயில் எரிச்சுது?" என்று கேட்டார். சொன்னேன். எத்தனை மாதம் என்றார். அதையும் சொன்னேன். கால்குலேட்டரில் தட்டி, இத்தனை டன் புகை என்று தாளில் எழுதினார். ஜெர்மனிக்காரர்கள் கணக்கில் அது இல்லை, அண்ணன் கணக்கில் இல்லை, உன் கருத்துரையிலும் இல்லை. இங்கே ஒரு தாளில்தான் ஏறியிருக்கிறது. மேலே பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. என் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு, பிழையில்லாமல் எழுதிக்கொண்டார்.

ஃபக்ருன்னிசா